மலையகப் பெண்ணும் மகப்பேற்று உரிமையும்: வைத்தியர் இயக்கத்தின் வரலாற்றுப் பங்கு பற்றிய சில குறிப்புகள்

1

இலங்கையின் சமூக நல வரலாற்றை எழுதுவோர் பெருமிதத்துடன் எடுத்துக்காட்டும் செய்திகளுள் தாய் மரண வீழ்ச்சி தலையாயது. 1930களின் நடுப்பகுதியில், இலட்சம் பிறப்புகளுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தனர். நூற்றாண்டின் இறுதியில் அத்தொகை நூறுக்கும் கீழே இறங்கிவிட்டது. இலவச வைத்தியமும், கிராமந்தோறும் சென்ற மருத்துவமாதரும், பெண்கல்வியும் இச்சாதனைக்குக் காரணமாயின என்பதில் ஐயமில்லை. ஆயின் நாட்டின் சராசரி எப்போதும் நாட்டின் முழு உண்மையாவதில்லை. நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலைப் பகுதிகளின் தேயிலைத் தோட்டங்கள் இச்சாதனைக் கதையில் ஒரு நெடுங்காலம் இடம்பெறவில்லை. கிராமத்துக்கு வந்த மருத்துவமாது தோட்டத்தின் எல்லையில் நின்றுவிட்டாள்.

அவள் ஏன் அங்கே நின்றாள் என்ற வினாவே இக்கட்டுரையின் தொடக்கம். மகப்பேற்று வைத்தியமும் கருத்தடை வசதியும் பெண்களுக்குக் கிட்டவேண்டும் என்பதற்காக இந்நாட்டு வைத்தியர்கள் அமைப்பு ரீதியாகப் போராடிய வரலாறு ஒன்று உண்டு. அது மதிக்கப்பட வேண்டிய வரலாறு. ஆனால் அவ்வியக்கத்தின் பயன் கொழும்பிலே ஒருவிதமாகவும் மலையகத்திலே வேறொரு விதமாகவும் விளைந்தது. நகரத்திலே பெண்ணின் உரிமையாகத் தோன்றியது, தோட்டத்திலே நிருவாகத்தின் கருவியாக மாறியது. இம்மாற்றத்துக்கான காரணத்தைத் தனிப்பட்ட வைத்தியர்களின் நல்லெண்ணத்திலோ தீய எண்ணத்திலோ தேடுவதிற் பயனில்லை. பெருந்தோட்ட உற்பத்தி முறையின் அமைப்பிலேயே அதனைத் தேடவேண்டும் என்பது எமது கருத்து.

2

கோப்பிக் காலத்தில் தோட்டத்துக்கு வேண்டியிருந்தவர்கள், பருவத்துக்கு வந்து பருவத்துக்குத் திரும்பும் ஆண்களே. 1869 முதல் பரவிய இலைநோய் கோப்பியை அழித்தது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் பயிரிட்டுக் காட்டிய தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலை ஆண்டு முழுவதும் துளிர்ப்பது. அதன் கொழுந்தை ஆண்டு முழுவதும் கொய்ய ஆள் வேண்டும். எனவே லயத்துக் காம்பராவில் நிரந்தரமாகத் தங்கும் குடும்பம் தேவைப்பட்டது. கொழுந்து கொய்வதற்குப் பெண் தேவைப்பட்டாள். இன்றைய உழைப்பாளியாகவும் நாளைய உழைப்பாளியைப் பெறுபவளாகவும் அவள் ஒருங்கே தேவைப்பட்டாள் என்பதே ஈண்டு கவனத்துக்குரியது. மனித வாழ்வை உண்டாக்குதலும் வாழ்க்கைச் சாதனங்களை உண்டாக்குதலும் வரலாற்றின் அடிப்படையான இரு உற்பத்திகள் என்று எங்கெல்சு 1884இல் எழுதினார். தேயிலைத் தோட்டம் இவ்விரண்டையும் ஒரே பெண்ணின் உடலிலும் ஒரே பதிவேட்டிலும் இணைத்தது.

வைத்தியச் சட்டங்களும் இத்தேவையையொட்டியே பிறந்தன. 1872ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் சட்டம் தோட்டப் பகுதிகளுக்கென வைத்திய மாவட்டங்களை ஏற்படுத்தியது. 1912இல் அது விரிவாகத் திருத்தியமைக்கப்பட்டது. தோட்டத்திலே பிள்ளை பெறும் பெண்ணுக்கு ஒரு மாத காலம் உணவும் உறைவிடமும் வழங்க வேண்டும் என்றும், வைத்திய அதிகாரி தகுதியுடையவள் எனச் சான்று தந்தாலன்றி அக்காலத்தில் அவளை வேலைக்கு அனுப்பலாகாது என்றும் அச்சட்டம் விதித்தது. காலத்தோடு ஒப்பிடுகையில் இது சிறிய ஏற்பாடன்று. ஆயினும் இதனை நிறைவேற்றும் பொறுப்பு யார்மீது சுமத்தப்பட்டது என்பதை நோக்க வேண்டும். அது தோட்டத் துரைமீதே சுமத்தப்பட்டது. நோயுற்றவளா, வேலைக்குத் தகுதியானவளா, ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட வேண்டியவளா என்ற முதல் முடிவு பிரட்டுக்களத்திலேயே எடுக்கப்பட்டது. வைத்தியனுக்கும் நோயாளிக்கும் இடையில் முதலாளி நின்றான். மலையகச் சுகாதார வரலாற்றின் முடிச்சு இதுதான்.

இம்முடிச்சு இறுகியதற்கு மற்றொரு காரணமும் உண்டு. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. நோய்த்தடுப்பும் தாய் சேய் நலமும் வீட்டு வாசலுக்கு வரும் இம்முறை படிப்படியாக நாடெங்கும் பரவியது. தோட்டங்களோ இம்முறைக்குப் புறத்தே விடப்பட்டன. தோட்டத் தொழிலாளரின் சுகாதாரம் தோட்ட முதலாளியின் பொறுப்பு என்பதே அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். நாட்டின் ஏனைய தாய்க்கு அரசாங்கத்தின் மருத்துவமாது கிடைத்தாள். தோட்டத்துத் தாய்க்குத் தோட்டத்தின் சம்பளப் பட்டியலில் இருந்த மருந்துக்காரரும் மருத்துவிச்சியுமே கிடைத்தனர்.

1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டமும் இவ்வேறுபாட்டைப் பேணியது. பிரசவ விடுதி முதலிய வசதிகளைச் செய்து கொடுக்கும் தோட்டம் தாய்க்குக் கொடுக்கும் பணத்தைக் குறைத்துக்கொள்ள அது இடமளித்தது. பணம் தாயின் கையில் இருந்தால் அதனை எப்படிச் செலவிடுவது என்பதை அவள் தீர்மானிப்பாள். அது விடுதியாகவும் கஞ்சியாகவும் மாறும்போது தீர்மானிக்கும் உரிமை நிருவாகத்துக்குச் செல்கிறது. சிறிய வேறுபாடாகத் தோன்றினும் பின்னர் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்ள இது துணைபுரியும்.

3

இனிக் கொழும்புக்கு வருவோம். கனடாவில் மருத்துவம் கற்று 1896இல் இலங்கை வந்த வைத்தியர் மேரி இரட்ணம் எமது வரலாற்றில் தனியிடம் பெறுபவர். தமிழரான எஸ். சி. கே. இரட்ணத்தை மணந்தமையால் அவருக்கு மிஷன் வைத்தியப் பணி மறுக்கப்பட்டது. கொழும்பிலே பெண்களுக்கான வைத்தியத்தைத் தமது வாழ்நாட் பணியாகக் கொண்ட அவர், பெண்கள் சங்கங்கள் பலவற்றை நிறுவுவதில் முன்னின்றார். லங்கா மகிலா சமித்தியின் தோற்றத்துக்கும் அவரே மூலவர். 1937இல் கொழும்பிலே கருத்தடை ஆலோசனை நிலையம் ஒன்றை அவர் தொடங்கினார். பெண்ணின் உடலைப் பற்றிப் பேசுவதே ஒழுக்கக்கேடு எனக் கருதப்பட்ட காலத்திலே அது துணிவான செயலாகும்.

பெண் வாக்குரிமைச் சங்கம் 1927இல் தோன்றியபோது மேரி இரட்ணமும் அவ்வியக்கத்தைச் சார்ந்திருந்தார். டொனமூர் ஆணைக்குழுவின் முன் சாட்சியமளித்த அச்சங்கத்தின் அக்னஸ் டி சில்வாவிடம், இந்தியத் தமிழ்த் தொழிலாளப் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டுமா என்று வினவப்பட்டது. அவர்களும் பெண்களே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்ற பொருள்பட அவர் தயங்காது விடையளித்தார். நடுத்தர வர்க்கப் பெண்கள் இயக்கம் தோட்டத்துப் பெண்ணை நினைவுகூர்ந்த அரிய கணங்களுள் இதுவும் ஒன்று. வைத்தியத் துறையிலே இத்தகைய கணம் எளிதில் வரவில்லை.

1953இல் இலங்கைக் குடும்பத் திட்டச் சங்கம் நிறுவப்பட்டது. சில்வியா பெர்னாண்டோ அதன் அமைப்பாளராகத் திகழ்ந்தார். மகப்பேற்று நிபுணரான சிவா சின்னத்தம்பி அதன் வைத்தியப் பணியின் முதுகெலும்பாக விளங்கினார். கருத்தடை மாத்திரையை இந்நாட்டுப் பெண்களிடையே ஆராய்ந்து அறிமுகப்படுத்திய முன்னோடியும் அவரே. அரசாங்கம் இத்துறையில் நேரடியாக இறங்கியது 1965இலாகும். ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள், சமய எதிர்ப்பையும் சமூக ஏளனத்தையும் தாங்கி, வைத்தியர்களும் தொண்டர்களும் இச்சேவையைக் காத்து நின்றனர். இதனைக் குறைத்து மதிப்பிடுவது வரலாற்றுக்கு நியாயம் செய்வதாகாது.

4

எனினும் கருத்தடை என்ற ஒரே செயலுக்கு, ஒன்றோடொன்று முரணும் இரு கொள்கைகள் அடிப்படையாக இருந்து வந்துள்ளன. 1798இல் மால்தூஸ் முன்வைத்த வாதத்தின்படி வறுமைக்குக் காரணம் வறியவரின் பெருக்கமே. இவ்வாதத்திலிருந்து பிறக்கும் கருத்தடை வறியவரைக் குறைக்கும் கருத்தடையாகும். முதலாளித்துவம் தன் தேவைக்கேற்ப உபரிக் குடித்தொகையைத் தானே உண்டாக்குகிறது என்று மார்க்ஸ் இதனை மறுத்தார். மற்றைய கொள்கை, பிள்ளை பெறுவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கும் உரிமை பெண்ணுக்கே உரியது என்பது.

இவ்விரு கொள்கைகளும் வைத்தியர் அமைப்பொன்றினுள் மோதிக்கொண்ட நிகழ்ச்சி ஒன்றை இங்கு நினைவுகூர்வது பொருந்தும். 1913இல் ருஷிய வைத்தியர்களின் பிரோகோவ் மாநாடு கருச்சிதைவைக் குற்றமாகக் கொள்ளும் சட்டத்தைப் பற்றி விவாதித்தது. அதனையொட்டி லெனின் எழுதிய சிறு கட்டுரை மால்தூஸ்வாதத்தைக் கடுமையாகத் தாக்கியது. அதே கட்டுரை, கருச்சிதைவுக்கும் கருத்தடை பற்றிய வைத்திய நூல்களின் பரம்பலுக்கும் எதிரான சட்டங்கள் யாவும் நிபந்தனையின்றி நீக்கப்பட வேண்டும் என்றும் கோரியது. மால்தூஸ்வாதத்தை எதிர்ப்பது வேறு, பெண்ணின் உரிமையை மறுப்பது வேறு என்ற தெளிவு அங்கே காணப்படுகிறது. 1920இல் சோவியத் அரசு கருச்சிதைவைச் சட்டபூர்வமாக்கிற்று. 1936இல் அதே அரசு அதனைத் தடைசெய்தது. 1955இல் மீண்டும் அனுமதித்தது. உழைப்பாளர் தொகை வேண்டும் எனத் தோன்றியதும் பெண்ணின் உரிமை பின்தள்ளப்பட்டது. இத்தவறு முதலாளித்துவ நாடுகளுக்கு மட்டும் உரியதன்று என்பதை முற்போக்காளராகிய நாம் மறைக்க வேண்டியதில்லை.

தமிழகத்திலும் இவ்வேறுபாடு தெளிவாக உணரப்பட்டிருந்தது. 1930களில் பெரியார் கர்ப்பத்தடையை வலியுறுத்தியபோது, தேச வறுமை, உடல்நலம், சொத்துச் சிதைவு ஆகிய காரணங்களைப் பிறர் கூறுவதாகவும், தாம் பெண் விடுதலையின் பொருட்டே அதனைக் கோருவதாகவும் வேறுபடுத்திக் காட்டினார். சென்னை மாகாணத்து மாவட்டங்களிலிருந்து வந்த மக்களே மலையகத் தோட்டங்களில் வாழ்ந்தனர். எனினும் அவர்களை வந்தடைந்தது பெண் விடுதலையின் வழிவந்த கருத்தடையன்று. குடித்தொகைக் கட்டுப்பாட்டின் வழிவந்ததே.

5

1958இல் இலங்கை அரசும் சுவீடன் அரசும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி குடும்பத் திட்டத்துக்கான முன்னோடித் திட்டம் ஒன்று தொடங்கியது. அதற்கென இரு களங்கள் தெரிந்தெடுக்கப்பட்டன. ஒன்று பண்டாரகமக் கிராமப்பகுதி. மற்றது நுவரெலியா மாவட்டத்தின் டயகமத் தோட்டப்பகுதி. தோட்டம் ஆய்வுக்கு ஏன் உகந்ததாயிற்று என்பதை ஊகிப்பது கடினமன்று. அங்கு மக்கள் ஓரிடத்திற் செறிந்து வாழ்ந்தனர். பெயர்ப்பட்டியல் இருந்தது, மருந்துச்சாலை இருந்தது, பிள்ளைக்காம்பரா இருந்தது, யார் கருவுற்றிருக்கிறாள் என்பது கொழுந்து நிறுவையிலேயே தெரிந்துவிடும். வேலை வாங்குவதற்காக அமைந்த ஒழுங்கு குடும்பத் திட்டத்துக்கும் வசதியாயிற்று.

அக்காலத்தில் இம்மக்களின் அரசியல் நிலை என்ன? 1947 தேர்தலில் மலையகத்திலிருந்து பாராளுமன்றம் சென்றவர்களுள் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையும் ஒருவர். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் சட்டத் திருத்தமும் அவரைத் தெரிந்த மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராகவும் வாக்கற்றவராகவும் ஆக்கின. 1964இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தொகையாகப் பிரித்து இரு நாடுகளுக்குப் பங்கிட்டது. பிரசையாக எண்ணப்படாத பெண் குடித்தொகையாக மட்டும் எண்ணப்பட்டாள். உரிமையற்ற ஒருவரிடம் பெறப்படும் சம்மதத்தின் பெறுமதி யாது என்ற கேள்வியை அன்றைய வைத்தியர் அமைப்புகள் உரக்க எழுப்பவில்லை.

1972இலும் 1975இலும் நிறைவேறிய காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. இடையே 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவு நெருக்கடி தோட்டங்களைப் பட்டினியில் ஆழ்த்தியது. ஆயிரம் பிறப்புகளுக்கு ஐம்பதளவில் நாட்டின் சிசு மரண வீதம் இருந்த 1974இல், தோட்டங்களில் அது நூறையும் தாண்டிற்று. பிறந்த குழந்தையைக் காக்க முடியாத ஓர் அமைப்பு, பிறவாதிருக்க வழிசெய்வதில் மட்டும் விரைவு காட்டியது. 1980இல் அரசாங்கம் கருத்தடை அறுவை செய்துகொள்வோருக்குப் பணக் கொடுப்பனவை அறிமுகப்படுத்தியது. முதலில் 100 ரூபாவாக இருந்த தொகை விரைவில் 500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. ஆணுக்குச் சமமான சம்பளம்கூட 1984 வரை தோட்டத்துப் பெண்ணுக்கு வழங்கப்படவில்லை என்பதை நினைவிற் கொண்டால், அத்தொகை அவளுக்கு எவ்வளவு பெரிதாகத் தோன்றியிருக்கும் என்பது விளங்கும்.

இங்கு நாம் ஒருபக்கச் சார்பாக எழுதிவிடலாகாது. பல பிள்ளைகளைப் பெற்றுச் சோர்ந்த பெண்கள் பலர் இவ்வறுவையை விரும்பியே நாடினர். அவர்களை வெறும் பலியாடுகளாகச் சித்திரிப்பது அவர்களுடைய அறிவை இழிவுபடுத்துவதாகும். வினா வேறு. அவள் முன் வேறு எத்தெரிவுகள் வைக்கப்பட்டிருந்தன? பிள்ளைப்பேற்றுக்கிடையே இடைவெளி விடும் தற்காலிக முறைகளுக்கு மருத்துவமாது மீண்டும் மீண்டும் வரவேண்டும், தாயின் மொழியிலே பேச வேண்டும், தாய் நிலையத்துக்குச் சென்றுவர வேலைநேரம் வேண்டும். தமிழ் பேசும் குடும்பநல உத்தியோகத்தர்கள் மலையகத்தில் நெடுங்காலம் போதாதிருந்தனர். ஒரு நாளிலே முடிந்துவிடும் அறுவையே இச்சூழலுக்கு ஏற்றதாயிற்று. தேசிய மதிப்பீடுகள் பலவற்றில், கருத்தடை முறைகளுள் நிரந்தர அறுவையின் பங்கு நகரத்தையும் கிராமத்தையும்விடத் தோட்டத்துறையில் உயர்ந்து காணப்பட்டமைக்கு இதனையே முதன்மைக் காரணமாகக் கொள்ளலாம். தெரிவுகள் ஒன்றாகச் சுருங்கிய இடத்தில் நடப்பதைச் சுதந்திரமான தெரிவு என்று கூறுதல் பொருந்தாது. நாடற்றமை, இனமுரண்பாடு ஆகியவற்றின் பின்னணியிலே, இது எம் இனத்தைக் குறைக்கும் சூழ்ச்சி என்ற அச்சமும் மலையகத்தில் வேரூன்றியதில் வியப்பில்லை. அவ்வச்சம் தேவையான வைத்தியத்தையும் சிலர் அஞ்சி ஒதுங்கச் செய்தது. நம்பிக்கை குலைந்த இடத்தில் சேவையும் குலைகிறது.

சட்டமும் இப்போக்குக்குத் துணைநின்றது. 1985இல் திருத்தப்பட்ட மகப்பேற்று நன்மைகள் சட்டம் முதல் இரு பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வார விடுமுறை வழங்கியது. மூன்றாம் பிள்ளை முதல் ஆறு வாரமே தந்தது. மூன்றாம் பிரசவத்தில் தாயின் உடல் அரைவாசி ஓய்விலே தேறிவிடும் என்று வைத்திய விஞ்ஞானம் எங்கும் கூறவில்லை. இது குடித்தொகைக் கொள்கை, தொழிற் சட்டத்தின் உடையை அணிந்து வந்தமையே. இவ்வேறுபாடு 2018இலேயே நீக்கப்பட்டது. முப்பத்து மூன்று ஆண்டுகள் மூன்றாம் பிள்ளையைப் பெற்ற ஒவ்வொரு தாயும் அதன் தண்டத்தைத் தன் உடலாற் செலுத்தினாள்.

6

இன்னொரு முனையிலும் வைத்தியர்கள் அமைப்பாக நின்று பேசியுள்ளனர். 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, தாயின் உயிரைக் காப்பதற்காகவன்றி வேறெந்தக் காரணத்துக்காகவும் செய்யப்படும் கருச்சிதைவைக் குற்றமாக்கியது. விக்ரோறியாக் கால இங்கிலாந்தின் ஒழுக்க நோக்கிலே உருவான இச்சட்டத்தின் தாயகம் 1967இல் தன் சட்டத்தைத் தளர்த்தியது. இந்தியா 1971இல் தளர்த்தியது. இலங்கையில் 1995இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டபோது, வன்புணர்ச்சி, முறைதகாப் புணர்ச்சி, கருவின் கடும் ஊனம் ஆகிய நிலைகளில் அனுமதிக்கும் பிரிவொன்று முன்வைக்கப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்டது. 2017இல் வன்புணர்ச்சி, கருவின் உயிர்வாழ முடியாத ஊனம் என்பவற்றுக்கு இடமளிக்கும் யோசனை மீண்டும் அமைச்சரவை வரை சென்றது. மகப்பேற்று, பெண்நோயியல் வைத்திய நிபுணர்களின் அமைப்பு இதனை வெளிப்படையாக ஆதரித்தது. சமயத் தலைவர்களின் எதிர்ப்பினால் அம்முயற்சியும் நின்றுபோயிற்று.

தத்தம் வார்டுகளிலே மறைவான கருச்சிதைவின் விளைவுகளைக் கண்ட வைத்தியர்கள் தொழில் அமைப்பாகத் திரண்டு பேசியமை போற்றத்தக்கது. ஆயின் அவர்கள் தனித்து நின்றனர். தொழிற்சங்கங்கள் இதனைத் தம் கோரிக்கையாக ஏற்கவில்லை. மலையகத்தின் பெருந் தொழிற்சங்கங்கள் பெண்களையே பெரும்பான்மை உறுப்பினராகக் கொண்டவை. அவர்களுடைய சந்தாவினாலேயே வளர்ந்தவை. எனினும் அவற்றின் தலைமைப் பீடங்களில் ஆண்களே அமர்ந்திருந்தனர். சம்பளமும் அரிசி விலையும் பேச்சுவார்த்தை மேசைக்கு வந்தன. கருப்பை வரவில்லை. சமயபீடங்கள் ஓரணியில் நின்றபோது வைத்தியர்களின் பக்கத்தில் ஒரு வெகுசன இயக்கம் நிற்கவில்லை. சட்டத்தின் கொடுமை எல்லா வர்க்கத்தினர்மீதும் ஒரேவிதமாக விழுவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வசதி படைத்தவள் நகரத்துத் தனியார் வைத்தியத்தை அல்லது அயல்நாட்டை நாடலாம். தோட்டத்துப் பெண் லயத்துக்குப் பின்புறத்திலே, அறியாத கைகளிடம் தன் உயிரை ஒப்படைக்கிறாள்.

7

மலையக நாட்டார் பாடல்களைத் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளை போன்றோரின் பணியினால், எழுத்தறியாத இப்பெண்களின் குரல் ஓரளவு எமக்குக் கிட்டியுள்ளது. தாலாட்டும் ஒப்பாரியும் தாய்மையின் பாடல்கள் மட்டுமல்ல. அவை வேலைநேரத்தின் பாடல்களுமாகும். பிள்ளையைப் பிரிந்து மலையேறும் தாயின் துயரை உழைப்பின் ஒழுங்கிலிருந்து பிரித்து விளங்கிக்கொள்ள முடியாது. வைத்திய அறிக்கைகள் கூறாத ஒன்றை இலக்கியம் கூறுகிறது: இப்பெண்ணுக்கு இல்லாதது மருந்து மட்டுமல்ல, தன் உடலுக்கென ஒதுக்கிக்கொள்ளும் நேரமும் இல்லை.

1992இல் தோட்டங்களின் நிருவாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குக் கையளிக்கப்பட்டது. தோட்ட ஆஸ்பத்திரிகள் சில பின்னர் அரசாங்கச் சுகாதார சேவைக்குள் கொண்டுவரப்பட்டன. தாய் சேய் நலம் முன்னிலும் முன்னேறியுள்ளது. பிரசவங்கள் இப்போது பெரும்பாலும் ஆஸ்பத்திரிகளிலேயே நிகழ்கின்றன. இம்முன்னேற்றத்தை மறுப்பது உண்மைக்குப் புறம்பாகும். ஆயினும் தோட்ட வைத்தியத்தின் பழைய இருதலை ஆட்சி முற்றாக ஒழிந்துவிடவில்லை. கம்பனியின் பொறுப்பா அரசின் பொறுப்பா என்ற வழக்கு நீளும்போது இடையில் நிற்பவள் தாயே.

மேற்கூறியவற்றிலிருந்து நாம் பெறும் முடிவு இது. மகப்பேற்று வைத்தியத்தைப் பெறும் உரிமையைக் காக்க வைத்தியர் ஒன்றுதிரள்வது இன்றியமையாதது. 1937இலும் 1953இலும் 2017இலும் அவர்கள் காட்டிய துணிவின்றி எக்கதவும் திறந்திராது. ஆனால் அவர்களுடைய இயக்கம் தோட்டத்துள் நுழையும்போது எவர் கையைப் பற்றிக்கொண்டு நுழைகிறது என்பதே அதன் தன்மையைத் தீர்மானிக்கிறது. துரையின் கையைப் பற்றினால் அது எண்ணிக்கைக் கணக்காகும். தொழிலாளப் பெண்களின் கையைப் பற்றினால் மட்டுமே அது உரிமையாகும். அதற்கு வைத்தியர் சங்கங்கள் தோட்டத்துப் பெண்களோடு அவர்களின் மொழியிற் பேசப் பழக வேண்டும். தொழிற்சங்கங்களும் இவ்விடயத்தைப் பெண்களின் தனிப்பட்ட விவகாரம் என ஒதுக்குவதை விட்டுச் சம்பளக் கோரிக்கையோடு சேர்த்து எழுப்ப வேண்டும்.

இதனை அளக்க எளிய அளவுகோல் ஒன்று மலையக வழக்கிலேயே உண்டு. ஒரு நாள் வேலைக்குரிய சம்பளம் பதியப்படுவதைத் தோட்டத்திலே 'பேர் போடுதல்' என்பர். கருவுற்ற ஒரு பெண்ணோ, கருவுற விரும்பாத ஒரு பெண்ணோ, காலையிலே கூடையை இறக்கி வைத்துவிட்டு, யாரிடமும் காரணம் கூறாமல், தன் பேரை இழக்காமல், வைத்தியரிடம் சென்று திரும்ப முடியுமா? அது முடியும் நாளிலேயே வைத்தியர்களின் அந்நீண்ட போராட்டம் நுவரெலியாவின் மலைகளை வந்தடைந்தது என்று கூறலாம்.